ஆடி மாசத்துக் கிருமிகள்

அந்தத் துண்டு மேல கையை வெக்காதீங்க தம்பி. அழுக்குத்துணி இல்ல அது, உள்ள கரண்டி இருக்கு. பூந்திக் கரண்டி. மேல ரேக்குல வெச்சா இந்த பஸ் குலுங்குற குலுக்கல்ல ஓட்டை நெளிஞ்சிரும். ஓட்டை நெளிஞ்சா முத்து கோணும். முத்து கோணுச்சுன்னா ஒரு பொண்ணோட ஆறு வருஷப் படிப்பு போயிரும். அதனாலதான் கைப்புள்ள மாதிரி மடியிலயே வெச்சுக்கிட்டு வர்றேன். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தா ரெண்டு பேருக்கும் சௌகரியம்.

பெரம்பலூரா? நான் அதுக்கு முன்னாடியே காலேஜ் ஸ்டாப்புல இறங்கிருவேன். பதினோரு மணிக்கு அங்க கமிட்டி. மூணு பேரு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, அவங்க கண்ணு முன்னாடி நான் கிருமியில பூந்தி போட்டுக் காட்டணும். மூணு நாள் அங்கயே தங்கி, அதுல எத்தனை உயிரோட இருக்குன்னு எண்ணிப் பாப்பாங்களாம். இருந்துச்சுன்னா அந்தப் பொண்ணு டாக்டர். செத்துப்போச்சுன்னா, பொய் எழுதினவளுன்னு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

சிரிங்க, பரவால்ல. என் வீட்டுக்காரியே சிரிச்சா. ஊரு உலகத்துல கிருமியைக் கொல்ல மருந்து அடிக்கிறாங்க, நீ அதுக்குச் சட்டை தெச்சுப் போடப் போறியான்னு கேட்டா. அவளுக்கு விளக்கம் சொல்லியே எனக்கு அரை உசுரு போயிருச்சு. உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்கிட்டே வாங்க. எப்படியும் முக்கா மணி நேரம் இருக்கு.

என் பேரு மருதமுத்து. துறையூர்ல யாரை வேணா கேளுங்க. கல்யாணத்துக்கு இனிப்புப் போடற மாஸ்டர். சாம்பார் ரசம் எல்லாம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன். இனிப்பு மட்டும். அதுலயும் லட்டு. முப்பத்திரண்டு வருஷத்துல என் லட்டு உதிர்ந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னது கிடையாது. என் பாகுப் பதம் என்னன்னு என் தம்பி மகனுக்கே சொன்னதில்ல. பாகு வெக்கிறப்ப எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் வெப்பேன். அவனவன் கேட்டுப் பாத்தான், காலைப் பிடிச்சுப் பாத்தான், ஒருத்தன் பொண்ணே குடுக்கறேன்னான். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்குன்னு அப்புறம்தான் அவனுக்குத் தெரிஞ்சுது.

சரி, அது கிடக்கட்டும். ஆடி மாசம் எங்க தொழிலுக்கு ஆகாது. முகூர்த்தமே கிடையாதுல்ல. கல்யாணச் சமையக்காரன் அத்தனை பேரும் வீட்டுல உக்காந்து பொண்டாட்டி வெக்கிற குழம்புல உப்பு இல்ல புளி இல்லன்னு சொல்லிக்கிட்டுக் கிடப்போம். அவங்களுக்கும் எப்படா ஆவணி வரும்னு இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். நான் வாணலி முன்னாடி உக்காந்து பூந்தி தட்டிக்கிட்டிருக்கேன். ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு வந்தது, பட்டுச்சேலையோட கொட்டகைக்குள்ள வந்து நிக்குது. தண்ணி வேணுமான்னு கேட்டேன், இல்லன்னுச்சு. அரை மணி நேரம் அசையல. கண்ணு கரண்டியை விட்டு நகரல. எனக்கு உடனே சந்தேகம். எந்த மாஸ்டர் அனுப்பின ஆளு இதுன்னு. அப்பதான் கேக்குது, "மாஸ்டர், எத்தனை இஞ்ச் உயரத்துல பிடிக்கிறீங்க? ஒரு தட்டுக்கு எத்தனை விழும்?"

"ஏம்மா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"நானும் இதே வேலைதான் செய்யறேன் மாஸ்டர். ஊசியில. ஒவ்வொரு சொட்டா." கட்டை விரலை நீட்டிக் காட்டுச்சு. வீங்கி, சின்ன வெங்காயம் மாதிரி இருந்துச்சு.

பேரு ஜெசிந்தா. காலேஜ்ல ஆராய்ச்சி. நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன், என் மூத்தவ வயசு. அங்க வாணலி ஓரத்துலயே உக்காந்து எனக்கு எல்லாம் சொல்லுச்சு. தயிர்ல இருக்கு பாருங்க, அந்த மாதிரி நல்ல கிருமி. குடலுக்குப் போனா உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். ஆனா போற வழியில இரைப்பை இருக்கே, அங்க ஒரு அமிலம் சுரக்குது, அதுல விழுந்து முக்காவாசி செத்துருது. அதுக்கு முன்னாடி டப்பாவுல கிடக்கறப்பவே பாதி செத்துருது. அப்ப என்ன பண்ணணும்? உறை போடணும். கடல்பாசியிலேர்ந்து ஒரு மாவு எடுக்கறாங்க. அதைக் கரைச்சு, கிருமியை அதுல கலந்து, ஒரு கால்சியம் உப்புத் தண்ணியில சொட்டுச் சொட்டா விடணும். சொட்டு விழுந்த உடனே மேல தோல் கட்டிக்கும். கிருமி உள்ள பத்திரமா உக்காந்துக்கும். குடல் வந்ததும் தோல் கரையும், அது இறங்கிப் போயிரும்.

"அப்ப எண்ணெய் இல்லாத பூந்தின்னு சொல்லு"ன்னேன்.

"ஆமா மாஸ்டர்"ன்னுச்சு. அப்புறம், "ஆடி மாசம் சும்மாதானே இருப்பீங்க?"

இதுக்குன்னு வெளிநாட்டுல ஒரு மெஷின் சொல்லியிருந்தாங்களாம். அது ஒரு வருஷமா கப்பல்லயே வந்துக்கிட்டிருக்கு. ஊசியில போட்டா ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் தேறாது. கல்யாணக்காரன் ஒருத்தன் ஒரு நாளைக்கு ஸ்பூன்ல பூந்தி கேட்டான்னா நான் அடிச்சே அனுப்பியிருப்பேன். சரி வர்றேன் பாப்பான்னுட்டேன்.

முதல் நாள் போறேன், வெள்ளைக் கோட்டு ஒண்ணு குடுத்தாங்க. இந்தக் கரண்டியை வென்னீர்ல ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு, ஸ்பிரிட்டால தொடச்சு, ஒரு பானைக்குள்ள வெச்சு ஆவி காட்டி, அப்புறம்தான் உள்ள விட்டாங்க. என்னை ஆவி காட்டாம விட்டாங்களே, அதுவே பெருசு. பாப்பா போட்ட முத்தைக் காட்டுச்சு. அத்தனைக்கும் வால். தவளைக் குஞ்சு மாதிரி இருக்கு. வாய்க்குள்ள சிரிச்சுக்கிட்டேன். "பாப்பா, கரைச்சல் கெட்டி, கை தாழ்வு. அதான் வால் வெக்குது. மாவை இளக்கு, கையைத் தூக்கு"ன்னேன். இளக்கிக் குடுத்துச்சு. ஒரு முழம் உயரத்துல பிடிச்சு, காம்பை விளிம்புல தட்டினேன். மழை மாதிரி இறங்குச்சு. அடியில போய்ப் பாத்தா ஒண்ணொண்ணும் ஜவ்வரிசி. வால் கிடையாது, தட்டை கிடையாது.

அந்தப் பாப்பாவோட பெரிய சாரு ஒருத்தர், குலசேகரன் சார். அவருதான் கைடு. பூதக்கண்ணாடியில நூறு முத்தை எடுத்து அளந்து பாத்துட்டு, மெஷின்கூட இப்படிப் போடாதுன்னு சொன்னாரு. சொன்னவரு என் முகத்தைப் பாத்துச் சொல்லல, கரண்டியைப் பாத்துச் சொன்னாரு. அப்பவே எனக்கு அந்த ஆளு மேல ஒரு இது.

நான் அதுங்களை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன் தம்பி. வாயில்லாத ஜீவன் பாருங்க. கண்ணுக்கும் தெரியாது. ஆடி வெள்ளிக்கு அந்த ஃபிரிட்ஜுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, கதவுல ஒரு முழம் பூ சுத்தினேன். பாப்பா வேதக்காரப் பொண்ணு, இருந்தாலும் ஒண்ணும் சொல்லல, பூவு உள்ள விழாம இருந்தாச் சரின்னுச்சு. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சண்டை போட்டேன். இவ்வளவு பாடுபட்டு உறை போட்டு, பனியில காய வெக்கிற மெஷின்ல வெச்சுக் காய வெச்சு, கடைசியில என்ன பண்றாங்கன்னா, ஒரு குடுவையில அமிலத்தை ஊத்தி அதுல தூக்கிப் போடறாங்க. எதுக்கு இதுன்னேன். இரைப்பை மாதிரி வெச்சுப் பாக்கறோம் மாஸ்டர், எத்தனை பொழைக்குதுன்னு எண்ணணும்னுச்சு. நீயே காப்பாத்தி நீயே கொல்றியேன்னு எனக்கு மனசே ஆறல. அன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிடல. பாப்பாதான் தயிர் சாதத்தைக் கொண்டுவந்து வெச்சு, "இதுலயும் கோடிக்கணக்கா இருக்கு, அதையும்தான் சாப்பிடறீங்க"ன்னுச்சு. அதுலேர்ந்து ஒரு வாரம் தயிரும் சாப்பிடல.

வேலை எப்படின்னா, நாலு மணி வரைக்கும் ஈடு போடுவேன். பாப்பா அஞ்சு மணி பஸ்சுக்கு வீட்டுக்குப் போயிரும். "ராத்திரிக்குக் கெடாம நல்லபடியா வெச்சுட்டுப் போங்க மாஸ்டர்"னு சொல்லிட்டுப் போகும். நான் இருந்து, வடிச்சு, பாகுல போட்டு, மூடி ஃபிரிட்ஜுல வெச்சுட்டு, இடத்தைக் கழுவித் தொடச்சுட்டுக் கிளம்புவேன். காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்து, திரும்ப வடிச்சு, அலசி, தட்டுல பரப்பி வெச்சிருவேன். ஒம்பதரைக்குப் பாப்பா வந்து பாத்தா எல்லாம் தயாரா இருக்கும். கல்யாண வேலைக்காரனுக்கு ஆறு மணிங்கறது நடுப்பகல் தம்பி.

நான் சுத்தமா இருந்தேன், அந்தக் காலேஜ்தான் சுத்தமில்ல. எறும்பு. அவ்வளவு எறும்பு நான் பாத்ததில்ல. ஃபிரிட்ஜு கதவு ரப்பர்ல வரிசை, மேசைக் காலுல வரிசை, பூதக்கண்ணாடிக்குள்ள ஒண்ணு போய்ச் செத்துக் கிடந்து, அதைப் புதுசா ஒரு உயிரினம்னு ஒரு பையன் படம் வரைஞ்சுட்டான். பூச்சி மருந்துக்காரனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் மூக்கை வெச்சு மோந்து பாத்துட்டு, இது ஸ்வீட் கடை எறும்பு, இங்க எப்படி வந்துச்சுன்னான். என்னைப் பாத்துச் சொல்றான். என் மேல வேர்வை வாசனைகூட வராது.

அதோட இன்னொரு அசிங்கம். ஸ்டாஃப் ரூம்ல டீ போடற சர்க்கரை குறையுதுன்னு பெரிய சார் ஒரு காகிதம் அடிச்சு ஒட்டிட்டாரு. படிச்சவங்க நடமாடற இடத்துல சர்க்கரைத் திருட்டு. அட்டெண்டர் அருமைராசுவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க, அவன் எறும்பு மேல பழியைப் போட்டான். பாவம், எனக்கு அவன்தான் அப்பப்ப ஒரு டப்பா சர்க்கரை எடுத்துக் குடுப்பான், நல்ல பையன்.

ஆடி முடிஞ்சுது. பதிமூணு ஈடு போட்டுக் குடுத்துட்டு ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான் கிளம்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பாப்பா ஃபோன் பண்ணுது. "மாஸ்டர், நூத்துக்கு எம்பது உயிரோட இருக்கு மாஸ்டர். ஊசியில போட்டப்ப பத்துதான் இருந்துச்சு. உலகத்துல இதுமாதிரி யாருக்கும் வரல மாஸ்டர்." நான் மண்டபத்துல இருந்தேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எம்பது பேரு நல்லபடியா கரை சேந்துட்டாங்க பாருங்க.

அதை ஒரு வெளிநாட்டுப் புத்தகத்துல போட்டாங்க. இருங்க, காட்டறேன். இந்தா, லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். இது என் கரண்டி, படம். கடைசியில பாருங்க, இங்கிலீஷ்ல, நன்றி, ஆர். மருதமுத்துன்னு. பாப்பா சண்டை போட்டுப் போட வெச்சது. பெரிய சாரு கூடாதுன்னாராம், இனிப்பு மாஸ்டர் பேரைப் போட்டா நம்மளை மதிக்க மாட்டாங்கன்னு. இதுல இன்னொண்ணு வீட்டுல சாமிப் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். என் சம்பந்தி வந்தா முதல்ல அதைத்தான் பாப்பாரு, பாக்க வெச்சிருவேன்.

இப்ப அதை வாபஸ் வாங்கப் போறாங்களாம்.

ஏன்னு கேக்கறீங்களா? அந்த எம்பது திரும்ப வரலையே. கப்பல்ல வந்துக்கிட்டிருந்த மெஷின் வந்து சேந்துச்சு. பாப்பா அதுல போட்டுச்சு. பத்துதான் பொழைச்சுது. ஊசியில போட்டுச்சு, பத்து. எவனோ ஒரு பையன் இதே மாதிரி கரண்டி வாங்கித் தட்டினான், பன்னெண்டு. போன ஆடிக்கு என்னையே கூப்பிட்டாங்க. போனேன். அதே கை, அதே கரண்டி, அதே உயரம். ஆனா இந்தத் தடவை பாப்பா என்னை விட்டு ஒரு அடி நகரல. கையில நோட்டு, கடிகாரம். முத்து விழுந்து தோல் கட்டின உடனே என் கையிலேர்ந்து பிடுங்காத குறையா வாங்கிட்டுப் போய் நேரா அந்தப் பனி மெஷின்ல வெச்சிருச்சு. என்னை ஒரு வேலை செய்ய விடல. ஒவ்வொரு ஈடும் அப்படித்தான். எறும்புகூட அந்த வருஷம் ஒண்ணும் வரல, அவ்வளவு சுத்தம்.

பதினொண்ணு பொழைச்சுது.

எனக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு தம்பி. கண்ணேறு. முதல் வருஷம் யாரும் பாக்கல, நானும் கிருமியுமா இருந்தோம். ரெண்டாம் வருஷம் ஆளாளுக்கு வந்து கரண்டியையே பாத்துக்கிட்டு நின்னா எப்படி விளங்கும்? பாப்பாகிட்ட சொன்னேன். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இதை எப்படி மாஸ்டர் நோட்டுல எழுதறது"ன்னுச்சு. அதுக்குச் சிரிப்பே போயிருச்சு. ஆளு பாதியா இளைச்சிருச்சு. ஒன்றரை வருஷம் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்கு. கடைசியில எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டான், அந்தப் பொண்ணு எட்டுக்குப் பக்கத்துல ஒரு சைபரைச் சேத்து எழுதிருச்சுன்னு. பெரிய சாரு என்ன பண்ணணும்? என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டாளுன்னு நிக்கணுமா இல்லையா? எனக்கு ஒண்ணும் தெரியாது, நோட்டு அவ எழுதினதுன்னு ஒதுங்கிட்டாரு.

கமிட்டி போட்டாங்க. போன மாசம் என்னைக் கூப்பிட்டாங்க. டீன் ரூம். ஏசி. ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கேக்கறாரு, "மிஸ்டர் மருதமுத்து, மாவுல நீங்க ஏதாவது கலந்தீங்களா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு மாஸ்டரைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? கலப்படம் பண்றவனா நான்? முந்திரி, ஏலக்காய், கிராம்பு, கலர்ப்பொடி, ஒரு சிட்டிகை பச்சைக் கர்ப்பூரம், ஒண்ணு, ஒண்ணு சேத்திருந்தேன்னா என் கை விளங்காமப் போகட்டும்னேன். அதோட விட்டிருக்கலாம். பையில சூடம் இருந்துச்சு, வாணலி பூஜைக்கு எப்பவும் வெச்சிருப்பேன். எடுத்து டீன் மேசை மேல ஒரு தட்டுல ஏத்தி, அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். மேல கூரையில என்னமோ ஒரு வட்டமா இருந்துச்சு, அது கத்த ஆரம்பிச்சுது. கட்டடம் முழுக்க மணி. எழுநூறு பிள்ளைங்களும் மைதானத்துக்கு ஓடி வந்து வரிசையில நின்னாங்க. கமிட்டியும் நின்னுச்சு, நானும் நின்னேன். தீயணைப்பு வண்டி வந்து போற வரைக்கும் விசாரணை வெயில்லதான் நடந்துச்சு. அப்பவும் என் பதில் அதேதான். பாப்பா சொன்னதைத்தான் செஞ்சேன், ஒண்ணும் கலக்கல.

அன்னிக்குப் பாப்பா என் பக்கத்துல வந்து நின்னுச்சு. "மாஸ்டர், உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். என்னமோ நான்தான் எங்கயோ தப்பா எண்ணிட்டேன் போலருக்கு"ன்னுச்சு. எண்ணினது சரின்னு அதுக்கே இப்ப நம்பிக்கை இல்ல. நான் வந்தேன், அது நல்லாருந்துச்சு. நான் போனேன், அது கெட்டுப்போச்சு. நடுவுல நான் என்னத்தைப் பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. அதான் என் ஆதங்கம்.

இன்னிக்குக் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை சும்மா போகல. இந்தப் பையில பாருங்க. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்தது, கரண்டிக் காம்புல கட்டறதுக்கு. கறுப்புக் கயிறு, ஃபிரிட்ஜுக்கு. ஒரு பூசணிக்காய் எடுத்து வெச்சேன், கண்டக்டர் டிக்கெட் போடுவேன்னான், வீட்டுக்காரிகிட்டயே குடுத்துட்டேன். மூணு பேரு கண்ணு, அதுல ஒருத்தரு வெளியூரு. கயிறு தாங்குமான்னு தெரியல.

என்னது? உங்களுக்கா? வயிறு எத்தனை வருஷமா? எட்டு வருஷமா மந்தமா? அய்யய்யோ. அப்ப உங்களுக்கு இது நல்லதுதான். பாப்பாகிட்ட சொல்லி வாங்கித் தரலாம், அந்த முதல் வருஷத்து முத்து கொஞ்சம் ஃபிரிட்ஜுல இன்னும் வெச்சிருக்கு, பழசு எண்ணிக்கைக்கு ஆகாதுன்னு கமிட்டி அதைத் தொடல. இதோ வருதில்ல, இந்தப் புளியமரம் தாண்டினா...

என்ன கேட்டீங்க?

சர்க்கரையா? ஓ, உங்களுக்கு சுகர் இருக்கா. மாத்திரையா, ஊசியா? அது சரி, கேட்டுத்தான் சாப்பிடணும். இருக்கும் தம்பி, சர்க்கரை இருக்கும். பாகுல ராத்திரி பூரா ஊறினதாச்சே. மேலாக அலசினாலும் உள்ள இறங்கினது இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு ஆகாது. போன வருஷத்துது வேணா சாப்பிடலாம், அதுல பாகு கிடையாது. மெஷின்ல போட்டதுலயும் கிடையாது. ஊசியில போட்டதுலயும் கிடையாது. ஆனா அது வேண்டாம், அதுல எல்லாம் கிருமி செத்து...

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

பூந்தின்னா பாகுல போடத்தான் செய்வாங்க. வெறும் பூந்தியை ராத்திரி பூரா வெச்சா காஞ்சு வறட்டியாயிரும். என் லட்டுக்கு வெக்கிற அதே பாகுதான், அதுங்களுக்குச் சூடு ஆகாதுன்னு நல்லா ஆற வெச்சு, பச்சைப்புள்ளைக்குக் குளிப்பாட்டற மாதிரி பதமா. நல்லபடியா வெச்சுட்டுப் போங்கன்னுச்சு, வெச்சேன். மாவுல கலந்தியான்னு கேட்டாங்க, கலக்கல. பாகு வெச்சியான்னு யாரும் கேக்கலையே. மூணு டாக்டருங்க, ஒரு டீன், ஒரு பூச்சி மருந்துக்காரன். ஒருத்தன் கேக்கல.

அந்த எறும்பு.

அய்யோ, அருமைராசு. அவனுக்கு மெமோ வேற குடுத்தாங்க.

தம்பி, கொஞ்சம் தண்ணி இருக்கா? நான் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன் தம்பி. ஒரு பொண்ணு ஒன்றரை வருஷமா ராவும் பகலும் உக்காந்து எண்ணுனதையே எண்ணி, எண்ணத் தெரியாதுன்னு தன்னையே நினைச்சுக்கிச்சு. நான் அதுக்கு எலுமிச்சம்பழம் கோத்துக்கிட்டு வர்றேன். எனக்கு வெக்கமா இருக்கு. அந்த ஃபோனை எடுங்க, சட்டைப் பையில. ஜெசிந்தா பாப்பான்னு இருக்கும். என் மடியில கரண்டி இருக்கு, நீங்களே போட்டுக் குடுங்க.

பாப்பா. நான்தான். வந்துக்கிட்டே இருக்கேன், பஸ்சுல. பாப்பா, ஒண்ணு கேக்கணும். இன்னிக்குப் பாகுக்குச் சர்க்கரை நான் வாங்கிட்டு வரட்டுமா, இல்ல அங்க டீக்கு வெச்சிருக்கறதே போதுமா?

என்ன பாகுன்னு கேக்குது தம்பி.

பாகுதான் பாப்பா. முதல் வருஷம் நீ அஞ்சு மணிக்குப் போனப்புறம் போடுவேன்ல, அந்தப் பாகு. காலையில வடிச்சு அலசி வெச்சிருவேன்ல. நீ போன வருஷம் பிடுங்கிட்டுப் போயிட்ட, அதனால போட முடியல.

லைன் இருக்கு, மூச்சுச் சத்தம் கேக்குது. பாப்பா, அழுவறியா? சிரிக்கிறியா? எதுவா இருந்தாலும் சத்தமாச் செய், எனக்குப் பயமா இருக்கு. சத்தியம் பண்ணினதுக்கு நான் கமிட்டி கால்ல விழுந்துக்கறேன், நீ எண்ணினது சரி பாப்பா. கேக்குதா? நீ எண்ணினது சரி.

எவ்வளவா?

பதத்தைக் கேக்குது தம்பி. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தண்ணி, எந்தப் பதம், எத்தனை மணி நேரம், எல்லாம் வேணுமாம். அந்தச் சர்க்கரைதான் பனி மெஷின்ல காயறப்ப கிருமியைச் சாகாமக் காப்பாத்தியிருக்கும்ங்குது. பேனா எடுத்துட்டு வந்துருச்சாம். நான் நேர்ல வந்து உன் காதுல சொல்றேன் பாப்பா, இங்க பஸ் நிறைய ஆளு. முடியாதா? கமிட்டி உள்ள வந்துட்டாங்களா? இப்பவே எழுதிக் குடுக்கணுமா?

சரி. எழுதிக்க.

கேக்கலையா? டிரைவர் ஹாரன் அடிக்கிறான், இரு. ஒரு படி சர்க்கரைக்கு முக்காப் படி தண்ணி. முக்காப் படி. கொதிச்சு அழுக்கை எடுத்தப்புறம் ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. கம்பி வரக் கூடாது. கரண்டியைத் தூக்கினா கடைசிச் சொட்டு விழாம தொங்கி நிக்கணும், அந்த நேரம் இறக்கிறணும். நிக்கணும் பாப்பா, விழக் கூடாது. முழுசா ஆறணும், புறங்கையில வெச்சா ஒண்ணும் தெரியக் கூடாது. எழுதிட்டியா? திரும்பச் சொல்றேன். ஒரு படிக்கு முக்காப் படி.

வெச்சிருச்சு. நேரமாச்சு அதுக்கு.

பஸ்ஸே திரும்பிப் பாக்குது பாருங்க. அந்தப் பின் சீட்டுல தலைப்பாகையோட உக்காந்திருக்கானே, அவன் உப்பிலியபுரத்துல ஸ்வீட் மாஸ்டர், எனக்குத் தெரியும் அவனை. காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேட்டான். கேட்டுட்டுப் போறான். என் ஸ்டாப் வந்துருச்சு, அந்தத் துண்டைப் பிடிங்க, மெதுவா. நீங்களும் எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. போகட்டும், உங்களுக்குத்தான் சர்க்கரை ஆகாதே.